உதகையில் காய்த்த தேங்காய்

சரியாக ஐந்து ரூபாய் உதைத்தது.

ஒரு ஏக்கர் நெல் சாகுபடிக்கு ஆகும் செலவை உழவு தொடங்கி போரடி வரைக்கும் பட்டியல் போட்டு, அடியில் மொத்தமும் கொடுத்திருந்தார், விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்காக நான் மெய்ப்புப் பார்த்த ஒரு பழைய வேளாண்மை நூலின் ஆசிரியர். நான் திருத்தி முடித்த பட்டியலைக் கூட்டினால் 49 ரூபாய் 7 அணா வந்தது. புத்தகத்தில் அச்சாகியிருந்த மொத்தம் 54 ரூபாய் 7 அணா. (எண்களை இங்கே கொஞ்சம் எளிமையாக்கியிருக்கிறேன்.) அந்தப் பக்கத்தை அதற்கு முன்பே இரண்டு முறை வரிவரியாக வாசித்து, சரி என்று, மெய்ப்புப் பார்த்தாயிற்று என்பதற்கான மஞ்சள் நிறமும் கொடுத்துவிட்டேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஐந்தொகை உதைத்தால் சோறு இறங்காத சாதி. அன்றைக்கும் இறங்கவில்லை. மறுபடி ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு தொகையாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே இருந்தது. உழவு, 8 ரூபாய் 12 அணா. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி அதை 3 ரூபாய் 12 அணா என்று எடுத்திருந்தது. ஈய எழுத்து தேய்ந்து, 8இன் இடது பக்கம் மை பிடிக்காமல் விட்டுப்போனதால் வந்த வினை. இயந்திரம் ஏமாந்ததில் நியாயம் இருக்கிறது. இரண்டு முறை வாசித்த நான் ஏன் ஏமாந்தேன்?

ஓய்வுக்குப் பிறகு விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க ஆரம்பித்தவன் நான். அங்கே நடைமுறை எளிது. ஸ்கேன் செய்த நூலின் பக்கம் ஒரு பாதியில் தெரியும். எழுத்துணரி, அதாவது ஓசிஆர், படித்துக் கொடுத்த எழுத்து மறு பாதியில் இருக்கும். ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. உரைநடைப் பக்கங்கள் எனக்குப் பத்து நிமிட வேலை. ‘வாழைப்பமம்’ என்று விழுந்திருந்தால் கண்ணே தடுக்கி நிற்கும். சொல்லுக்குப் பொருள் இருக்கிறது, வாக்கியத்துக்குப் போக்கு இருக்கிறது. தப்பு தானாகவே துருத்திக்கொண்டு தெரியும்.

எண்ணுக்கு அந்தத் துணை கிடையாது. 3 ரூபாய்க்கு உழ முடியாது என்று 1940களில் விவசாயம் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. ஆகவே அட்டவணையை வாசித்துத் திருத்துவது என்பதே நடக்காத காரியம். கணக்குப் போட்டுத்தான் திருத்த வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அது என்பதால், அந்த நூலின் நாற்பத்துச் சொச்சம் அட்டவணைகளையும் நானே எடுத்துக்கொண்டேன். அந்தத் துணிச்சலுக்குப் பிறகு கிடைத்த மரியாதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உதைப்பைப் படிப்பது. எங்கள் பழைய மேலாளர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றியோ, ஒரு சுழியத்தைக் கூட்டியோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. 45ஐ 54 என்று எழுதினால் வித்தியாசம் 9. 12ஐ 120 என்று எழுதினால் 108. இரண்டும் 9இல் அடங்கும். இது மனிதக் கை செய்யும் தப்பு. எழுத்துணரி இடம் மாற்றி எழுதுவது அபூர்வம். அதன் தப்புக்கு வேறு கையெழுத்து. 3க்கும் 8க்கும் குழம்பினால் வித்தியாசம் 5, 50, 500 என்று வரும். 1க்கும் 7க்கும் என்றால் 6, 60, 600. தசமப் புள்ளியை விழுங்கிவிட்டால் மட்டும் பழையபடி 9இன் மடங்கு: 12.5 என்பது 125 ஆனால் உதைப்பு 112.5, அது 12.5இன் ஒன்பது மடங்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முழு அட்டவணையையும் மேய்வதை விட்டுவிட்டேன். 600 உதைக்கிறதா, நூறாமிடத்தில் 1ஓ 7ஓ இருக்கும் தொகைகளை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

ரூபாய், அணா, பை வரும் அட்டவணைகளைக் கண்டு இளைஞர்கள் ஓடுகிறார்கள். உண்மையில் அவைதான் திருத்துவதற்குச் சுலபம். 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வரும்வரை இதுதான் வழக்கம். ஆகவே அணா காலத்தில் 15க்கு மேலோ பை காலத்தில் 11க்கு மேலோ ஒரு எண் நின்றால் யோசிக்கவே வேண்டாம், தப்பு. (எங்கள் ஆபீஸ் தமிழில் நெடுவரிசைக்குப் பெயர் ‘காலம்’. அரை நூற்றாண்டுப் பழக்கம், அப்படியே எழுதுகிறேன்.) கூட்டிப் பார்க்க லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் மூன்று காலங்களையும் ஒரே காலமாக்கிவிடுவேன். ரூபாயை 192ஆல் பெருக்கி, அணாவை 12ஆல் பெருக்கி, பையைச் சேர்த்தால் எல்லாம் பைக் கணக்கு. அதைக் கூட்டி, புத்தகத்து மொத்தத்தையும் அதேபோல் பையாக்கிக் கழித்தால் சுழியம் வர வேண்டும். ஏக்கர், சென்ட் காலங்களிலும் அப்படித்தான். சென்ட் 99ஐத் தாண்டாது. கலம், மரக்கால் என்றால் மரக்கால் 11ஐத் தாண்டாது. மணங்கு, வீசை, பலம் என்று வந்தால் வீசை 7க்குள், பலம் 39க்குள். பத்துப் பத்தாக ஓடும் இன்றைய மெட்ரிக் அளவுகளில் இப்படி ஒரு வேலி கிடையாது. பழைய அளவைகளைப் பற்றிப் பலரும் வேறு காரணங்களுக்காக ஏங்குவார்கள், எனக்கு இது ஒன்றுதான்.

இயந்திரத்திடம் கொடுக்கும் முன்பே படத்தைச் சீர் செய்வதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நான் பயன்படுத்தும் எழுத்துணரி டெசராக்ட். எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறமூலமாக வெளிவந்த மென்பொருள். விக்கிமூலத்தின் பொத்தானை அழுத்தினாலே உரை வந்துவிடும்தான். ஆனால் அட்டவணைப் பக்கத்தை அப்படி அழுத்தினால், எல்லாக் காலமும் கலந்து சாம்பாரில் ரசம் ஊற்றியது போல வரும். அந்தப் பக்கங்களை மட்டும் தனியே இறக்கிக்கொள்கிறேன். ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் போட்டுச் சாய்வை நிமிர்த்துவது முதல் வேலை. அட்டவணையில் சாய்வு பொல்லாதது. இடது ஓரத்தில் இருக்கும் ஊர்ப்பெயரும் வலது ஓரத்தில் இருக்கும் அதன் தொகையும் ஒரே வரி என்பது நமக்குத் தெரியும். பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே போதும், வலது ஓரத்தில் இயந்திரத்துக்கு அடுத்த வரியின் தொகைதான் நேராகத் தெரியும். தையல் ஓரம் வளைந்த தடிப் புத்தகங்களில் இது இன்னும் மோசம்.

அடுத்தது கோடுகள். காலங்களுக்கு நடுவே நிற்கும் செங்குத்துக் கோட்டை எழுத்துணரி 1 என்று படிக்கும், சில சமயம் துணைக்கால் என்றும் படிக்கும். 25க்கு முன்னால் ஒரு கோடு இருந்தால் 125. பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு நீண்ட கோடுகளை மட்டும் கண்டுபிடித்து அழிக்கிறார்கள். எனக்குப் பைதான் தெரியாது. கிம்ப் என்ற படத்திருத்தியில் வெள்ளைத் தூரிகையை எடுத்து, கோட்டின் மேல் முனையில் ஒரு சொடுக்கு, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு கீழ் முனையில் இன்னொரு சொடுக்கு. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். சுண்ணாம்பு அடிக்கிற மாதிரிதான். எண்ணின் விளிம்பைத் தீற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு காலம் காலமாக வெட்டுகிறேன். பெயர்கள் இருக்கும் காலத்துக்குத் தமிழ் மொழிக்கோப்பு, எண் காலங்களுக்கு ஆங்கில மொழிக்கோப்பு. தமிழ்க் கோப்பிடம் எண்ணைக் கொடுத்தால் 5ஐ ‘ரு’ என்றும் 2ஐ ‘உ’ என்றும் புலமை காட்டும். பக்கத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று டெசராக்ட்டுக்குச் சொல்ல ‘பிஎஸ்எம்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அது 3இல் இருப்பது வழக்கம். வெட்டிய ஒற்றைக் காலத்துக்கு 6, அதாவது ‘இது ஒரே சீரான கட்டம்’, நன்றாக வேலை செய்கிறது. 0 முதல் 9 வரை தவிர வேறெதையும் எழுதாதே என்று கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. 2018இல் வந்த 4.0 பதிப்பின் புது இயந்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு செல்லவில்லை, 4.1இல் திரும்பி வந்தது. முன்பெல்லாம் அதை எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துத்தான் போடுகிறேன். எண் மட்டும்தான் எழுத வேண்டும் என்று கையைக் கட்டிவிட்டால், ஈ எச்சத்தைக்கூட ஏதாவது ஓர் எண்ணாக எழுதி வைக்கும். கட்டாமல் விட்டால் அங்கே ‘ஃ’ என்றோ நட்சத்திரக் குறி என்றோ கோணலாக ஏதாவது விழும், நம் கண்ணில் படும். தெரிகிற தப்பு எவ்வளவோ மேல்.

மேற்படிக் குறிக்கு வருகிறேன். மேல் வரியில் உள்ளதே இங்கும் என்பதற்கு அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்கள் இரண்டு காற்புள்ளிகளைப் போட்டார்கள். எழுத்துணரி அதை 11 என்று படித்தது. ‘விதை அளவு, ஏக்கருக்கு 24 படி’ என்பதற்குக் கீழே வரிசையாக 11, 11, 11. நான் முதலில் நம்பியும்விட்டேன். வேறு சில பக்கங்களில் பத்திர எழுத்தர்கள் ‘ஷை’ என்று எழுதுவார்களே, அந்த மேற்படிக் குறியே இருந்தது. யூனிகோடில் அதற்குத் தனி இடம் உண்டு: ௸. வருடத்துக்கு ௵, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶ எல்லாம் இருக்கின்றன. எழுத்துணரி இவற்றில் ஒன்றையும் எனக்கு ஒழுங்காகக் கொடுத்ததில்லை, கையால்தான் இட வேண்டியிருந்தது.

இனி அந்த மரியாதை.

மாவட்டவாரியாகப் பயிர்ப் பரப்பு தரும் அட்டவணை அது. அன்றைய சென்னை மாகாணம், ஆகவே விசாகப்பட்டினம் முதல் தென் கன்னடம் வரை. காலம் காலமாக வெட்டி, படித்து, ஒட்டி, கூட்டினேன். ஒவ்வொரு காலமும் புத்தகத்து மொத்தத்தோடு கச்சிதமாக டேலி ஆனது. சுழியம், சுழியம், சுழியம். நிம்மதியாக மஞ்சள் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டு நாள் கழித்து, இரண்டாம் பார்வை பார்க்கும் ஓர் ஆசிரியையிடமிருந்து செய்தி. அவருக்கு ஊர் கோத்தகிரிப் பக்கம்.

“ஐயா, எங்க ஊர்ல சாமிக்கு உடைக்கிற தேங்காயே மேட்டுப்பாளையத்துல இருந்துதான் மலையேறி வருது. நீங்க எங்களுக்கு இத்தனாயிரம் ஏக்கர் தென்னந்தோப்பு எழுதி வெச்சிருக்கீங்களே!”

திறந்து பார்த்தேன். நீலகிரி வரியில் தென்னை காய்த்துக் குலுங்கியது. அதற்கு அடுத்த மலபாரில் கொஞ்சம் குறைவு. கடைசி வரியான தென் கன்னடத்தில் ஒன்றுமே இல்லை; போதாக்குறைக்கு அங்கே நானே ஒரு சிறு கோடு வேறு போட்டு வைத்திருந்தேன், அச்சு மங்கிப்போயிருக்கும் என்று நினைத்து. நடந்தது இதுதான். புத்தகத்தில் நீலகிரிக்கு நேரே மூன்று புள்ளிகள், இல்லை என்பதற்கு அடையாளம். எழுத்துணரிக்கு அந்தப் புள்ளிகள் தூசி. அதை உதறிவிட்டு அடுத்த எண்ணை எடுத்தது. மலபாரின் தோப்பு நீலகிரி ஏறியது, தென் கன்னடத்தின் தோப்பு மலபாருக்கு வந்தது. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. நான் அதற்கு முன்பே ஒரு எல்லைச் சீரமைப்பு நடத்தியிருக்கிறேன்.

மொத்தம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? ஒரே காலத்துக்குள் எண்கள் ஒரு படி ஏறினால் கூட்டுத்தொகை மாறாது. முப்பது வருடம் டேலி ஆனால் சரி என்று வாழ்ந்தவனுக்கு இது உறைத்தது. சங்கத்திலும் இதே தப்பு நடக்கும்தானே: ராமசாமி கட்டிய தவணை கிருஷ்ணசாமி கணக்கில் ஏறினாலும் நாள் முடிவில் பணப்பெட்டி சரியாகவே இருக்கும்.

அன்றிலிருந்து ஏற்கெனவே மஞ்சள் கொடுத்த எல்லா அட்டவணைகளையும் திரும்ப எடுத்தேன். இன்னும் மூன்று இடத்தில் இதே மாதிரி ஏறியிருந்தது. இப்போது செய்வது வேறு. டெசராக்ட்டிடம் வெறும் உரையாக வாங்காமல் டிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு வடிவில் வாங்குகிறேன். ஒவ்வொரு சொல்லும் படத்தில் இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி, அகலம், உயரம் என்று எல்லாம் வரும். கால்க்கில் அப்படியே திறக்கலாம். மாவட்டப் பெயர்களின் ‘மேலிருந்து’ மதிப்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு, எண் காலத்தில் ஒவ்வொரு எண்ணும் எந்தப் பெயருக்கு நேரே வருகிறது என்று பார்க்கிறேன். இதற்காகவே காலங்களை வெட்டும்போது மேல் விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும்படி வெட்ட வேண்டும். அகலம் எப்படிப் போனாலும் கவலையில்லை. அதே கோப்பில், படித்த சொல்லின்மேல் இயந்திரத்துக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண்ணும் இருக்கும். ஆரம்பத்தில் மதிப்பெண் குறைந்தவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று நினைத்தேன். 8ஐ 3 என்று படித்த அந்த உழவுக் கூலிக்கு அது தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தது.

பரப்பும் மகசூலும் பக்கத்துப் பக்கத்துக் காலங்களில் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஏக்கர் மகசூல் எடுத்துப் பார்ப்பது. ஒரு காலம் மட்டும் படி ஏறியிருந்தால், அந்த இடத்திலிருந்து கீழே ஈவுகள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் கோத்தகிரி டீச்சருக்கு ஈடான சோதனை ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தமிழ் எண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே தைரியத்தில் ஒரு பழைய எண்சுவடியில் கை வைத்தேன். முழுப் புத்தகமும் வாய்பாடுதான். ௧ஐ ‘க’ என்றும், ௭ஐ ‘எ’ என்றும், ௮ஐ ‘அ’ என்றும் எழுத்துணரி படித்திருந்தது. அதில் தப்பில்லை, பார்க்க அப்படித்தானே இருக்கிறது? மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். முன்னுரையில் இருந்த ‘அன்பர்’ எல்லாம் ‘௮ன்பர்’ ஆகிவிட்டார்கள். தேடி மாற்றுவதை எண் காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்குள் மட்டும் செய்ய வேண்டும். இன்னொன்று, பழைய முறையில் 25 என்பது ௨௰௫. நடுவில் பத்துக்கு ஒரு குறி நிற்கும். பிற்கால அச்சில் ௨௫ என்றே இருக்கும். எந்த முறை என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிக்கொள்ளாவிட்டால், நடுவில் நிற்கும் ௰ஐ ‘ய’ என்ற தப்பாக நினைத்து அழித்துக்கொண்டே போவோம். நான் போனேன், ஆறு பக்கம். வாய்பாடு என்பதால் தப்பித்தேன்: பெருக்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். காணி, மா, வீசம் என்ற பின்னக் குறிகளுக்கு 2019இல்தான் யூனிகோடில் இடம் வந்தது. பல கணினிகளில் இன்றும் அவை வெறும் கட்டமாகத் தெரிகின்றன.

இப்போது படத்தைக் கொடுத்தால் அட்டவணையாகவே கட்டித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. என் பேத்தி ஒன்றைக் காட்டினாள். கோடு, தலைப்பு, இரண்டு அடுக்குத் தலைப்பை இணைப்பது எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தென்னை அட்டவணையைக் கொடுத்தேன். நீலகிரிக்குப் புள்ளிகளைச் சரியாக விட்டிருந்தது. மகிழ்ச்சி. ஆனால் பூச்சி அரித்து ஓட்டையாக இருந்த இன்னொரு பக்கத்தில், ஓட்டை இருந்த கட்டத்திலும் ஓர் எண் இருந்தது. சுற்றியிருக்கும் எண்களுக்குப் பொருத்தமான, கௌரவமான எண். டெசராக்ட் அங்கே ஏதாவது உளறியிருக்கும், நான் பிடித்திருப்பேன். கட்டமைப்பை மட்டும் அதனிடம் வாங்கிக்கொள்வது, எண்களைப் பழைய வழியிலேயே எடுப்பது என்று இப்போதைக்கு ஓர் உடன்படிக்கையில் இருக்கிறோம்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் உதைக்கும் அட்டவணைகள் சில மிஞ்சும். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் என் எண்கள் சரி, கூட்டலும் சரி, ஆனால் புத்தகத்து மொத்தத்தில் ஓர் அணா கூடுதல். அது ஆசிரியரின் தப்பு, அல்லது அச்சுக்கோத்தவரின் தப்பு. முதல் முறை வந்தபோது என் கை துறுதுறுத்தது. தணிக்கைக்கு முந்தின இரவு அதைச் சரி செய்யாமல் விட்ட கணக்கர் உண்டா? டீச்சர் ஒரே வரியில் தடுத்துவிட்டார்: “புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் ஐயா.” அச்சில் உள்ளபடியே விட்டு, பக்கத்தின் பேச்சுப் பகுதியில் மட்டும் ஒரு வரி எழுதி வைத்தோம்.

நாற்பத்துச் சொச்சத்தில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. நூலின் கடைசியில் பெரிய தாளில் அச்சிட்டு, நாலாக மடித்து ஒட்டிய அட்டவணை. ஸ்கேன் செய்தவர் மடிப்பை விரிக்காமலே எடுத்துவிட்டார். தாளின் முதுகு தெரிகிறது. மெல்லிய தாள் என்பதால் எண்கள் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம்வலம் மாறி மங்கலாகத் தெரிகின்றன. படத்தைத் திருப்பிப் போட்டு, கறுப்பைக் கூட்டி, மேல் மடிப்பில் உள்ள இரண்டு காலங்களைப் படித்துவிட்டேன். உள்மடிப்பில் இருப்பதற்கு வழியில்லை. இன்னொரு பிரதி வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.